பிள்ளையைத் திருப்பி அனுப்பாத அம்மா



பிரியமானவர்களே, ஊழியக்காரரின் வாழ்க்கையை வாசிக்கும்போது நாம் அற்புதங்களைத்தான் தேடுகிறோம். இந்த மாதம் நான் எழுதுகிற அம்மாவின் வாழ்க்கையில் என்னைத் தொட்டது ஒன்றே ஒன்றுதான். ஓடி வந்த ஒரு பிள்ளையை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. ஏன் இதை எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

எமி கார்மைக்கேல் அம்மையார் 1867 டிசம்பர் 16-ம் தேதி அயர்லாந்து தேசத்தில் மில்ஐல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார்கள். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் மாவு மில் நடத்தி வசதியாக இருந்தவர். பிறகு தொழிலில் நஷ்டம் வந்தது. 1885-ல் தகப்பனாரும் மரித்துப்போனார். அந்தக் கஷ்டத்திலும் எமி சும்மா இருக்கவில்லை. பெல்பாஸ்ட் பட்டணத்து மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஊழியம் செய்தார்கள். தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையைத் தலையில் போட்டு வரும் அந்தப் பிள்ளைகளை ஆலயத்தில் சிலர் முகம் சுளித்துப் பார்த்தாங்க. எமி அதற்குக் கவலைப்படவில்லை.

1893-ல் ஜப்பானுக்கு ஊழியத்திற்குப் போனார்கள். சரீரம் ஒத்துக்கொள்ளவில்லை. 1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார்கள். பொன்னம்மாள் போன்ற நம் தமிழ்ச் சகோதரிகளோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். வந்தவர்கள் ஒருதரம்கூட விடுமுறைக்குச் சொந்த தேசம் போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 55 வருஷம் இங்கேயே இருந்தார்கள்.

இப்போது 1901-ம் வருஷம் மார்ச் மாதத்திற்கு வாருங்கள். பெருங்குளத்தில் ஒரு சிறுபெண் இருந்தாள். பெயர் பிரீனா. வயது ஏழு இருக்கும். கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக அங்குள்ள பெண்களிடம் விடப்பட்டிருந்தாள். பொட்டுக் கட்டிய பிள்ளைக்குக் கலியாணம் கிடையாது. பணக்காரர், பெரிய மனுஷர் கையில் அவள் சரீரம் போய்ச் சேரும். பக்தியின் பெயரால் சின்னப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை இது.

அந்தப் பிள்ளை இதற்கு முன்னும் ஒருமுறை தப்பி, தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடியிருந்தாள். பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். தெய்வக் குற்றம் வருமே என்று பயந்து, பெற்ற தாயே பிள்ளையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். ஓடினதற்குத் தண்டனையாக அந்தச் சின்னக் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை அவள் தாயிடம் போகவில்லை. வெள்ளைக்கார அம்மா ஒருத்தி பிள்ளை பிடிக்கிறாள் என்று பெரியவர்கள் பயங்காட்டியதைக் கேட்டிருந்தாள். என்னையும் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று அந்த அம்மாவைத் தேடியே வந்துவிட்டாள்! பண்ணைவிளையில் ஒரு சகோதரி இரவு அவளைத் தன் வீட்டில் வைத்திருந்து, காலையில் எமி அம்மாவிடம் கூட்டி வந்தார்கள். பிள்ளை நேராக வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

பிள்ளையைக் கேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். மிரட்டினார்கள். எமி அம்மா கொடுக்கவில்லை.

அதோடு அவர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை தான் கண்டதையெல்லாம் சொல்லச் சொல்ல, இன்னும் எத்தனை பிள்ளைகளோ என்ற பாரம் அவர்களை அழுத்தியது. விசாரித்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னவர்களே அதிகம். சிறுமிகளைக் கெட்ட நோக்கத்தோடு விற்பதும் வாங்குவதும் அன்றைய சட்டத்திலும் குற்றம்தான். ஆனால் தத்து என்ற பெயரில் கைமாறும்போது யார் சாட்சி சொல்லுவார்? அவர்கள் விடவில்லை. சேலை கட்டி, காப்பித் தண்ணீரால் தோலைக் கறுப்பாக்கி, உள்ளே போய் விஷயங்களை அறிந்தார்கள். 1904-ல் ஒரு தமிழ்ப் போதகர் மூலமாக முதல் கைக்குழந்தை வந்து சேர்ந்தது. அந்த வருஷ நடுவில் 17 பிள்ளைகள். 1913-ல் ஏறக்குறைய 130 பிள்ளைகள். 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பிள்ளைக் கடத்தல் என்று அவர்கள் மேல் வழக்கும் வந்தது. சிறைக்குப் போகவும் ஆயத்தமாக இருந்தார்கள்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். கைக்குழந்தையோடு ஊர் ஊராய்ப் போக முடியுமா? பிரசங்கம் பண்ண வந்தவர் ஆயா வேலை செய்கிறாரே என்று சிலர் பேசினார்கள். அவர்களுக்கே அந்தப் போராட்டம் இருந்தது. ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவின காட்சிதான் அவர்களுக்குப் பதிலாக வந்தது. 1905 அக்டோபரில் டோனாவூரில் ஆவியானவர் பலமாய் இறங்கி, பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், நகம் வெட்ட வேண்டும், துணி துவைக்க வேண்டும். எழுப்புதல் அந்த வேலையிலும் தொடர்ந்தது. அதுதான் மெய்யான எழுப்புதல்!

1931 செப்டம்பரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறையிலேயே இருந்தார்கள். படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார்கள். 1951 ஜனவரி 18-ம் தேதி, 83-ம் வயதில், கர்த்தரிடம் சேர்ந்தார்கள். தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் இருப்பது அம்மா என்ற ஒரே சொல்.

இந்தக் கொடுமையை எதிர்த்தவர்கள் சபைக்கு வெளியேயும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எத்தனையோ வசைகளைச் சகித்துப் போராடினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

இப்போது என் காரியத்தைச் சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் ஞாயிறு பள்ளி வகுப்பில் ஒரு சிறுமி, ஒரு உறவினர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று என்னிடம் சொல்லி அழுதாள். பெரியவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். நல்ல வேலை செய்ததாகவே நினைத்தேன். மாதங்கள் கழித்து உண்மை தெரிந்தபோது நெஞ்சு உடைந்துபோயிற்று. அவள் முதலில் ஓடி வந்தது என்னிடம். பிரீனாவின் தாய் செய்ததையே நானும் செய்தேன். அந்தத் தாய் தெய்வக் குற்றத்துக்குப் பயந்தாள். நானோ, சபைக்குள் பேச்சு வருமே என்று பயந்தேன்.

அன்பான பெற்றோரே, போதகர்களே, வாலிபத் தம்பி தங்கைகளே! பொட்டுக் கட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. பிள்ளைகளைக் கெடுக்கும் கை ஒழியவில்லை. அது வீட்டுக்குள்ளும் வரும், பள்ளிக்கூடத்திலும் இருக்கும், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் நடுவிலும் நிற்கும். பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். திட்டாதீர்கள். குற்றம் செய்தவரோடு ஒப்புரவாக்குகிறோம் என்று மூப்பர் கூட்டத்தில் மூடி மறைக்காதீர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் போலீசுக்கு அறிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். பிள்ளையின் பெயரை ஜெபக் குறிப்பிலும் சாட்சியிலும் சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டாம். இது விசுவாசக் குறைவு இல்லீங்க. மேய்ப்பன் தொழுவத்துக்கு வாசல் வைப்பதைப்போலத்தான்.

பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள் மேல் ஆண்டவர் கோபப்பட்டார் என்பதை அறிவோம். நம் கதவைத் தட்டி வரும் பிள்ளை திரும்பிப் போகாதபடி கர்த்தர் நம்மை விழிப்பாக்குவாராக. எனக்காகவும், அந்தச் சிறுமியின் காயம் முழுவதும் ஆறும்படியாகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆமென். அல்லேலூயா!

கிறிஸ்துவின் பணியில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை