திப்பு சுல்தானும் வெடிமருந்தும்



கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றில் பழைய பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். அதே காலத்தில் தென்னிந்தியாவில் வெள்ளைக்காரனைக் கலங்கடித்த வீரர் ஒருவர் இருந்தார். அவர்தான் மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

திப்பு தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தை ஐதர் அலி. அவர்கள் படையின் தனிச்சிறப்பு இரும்புக் குழாய் வாணங்கள்.

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததே வெடிமருந்து. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு வெடியுப்பிலேயே இருக்கிறது. ஆகவே காற்றே புகாத இடத்திலும் அது எரியும். கொஞ்சம் மருந்து திறந்தவெளியில் எரிந்தால் புஸ்ஸென்று போய்விடும். அதுவே முகத்தையும் கையையும் பொசுக்கப் போதும். மூடிய இடத்தில் எரிந்தால்? உண்டாகும் சூடான வாயுவுக்குப் போக வழியில்லை. சுவரையே பிளந்துவிடும்! குழாயின் ஒரு முனையை மட்டும் திறந்து வைத்தால் வாயு பின்னால் பாயும். வாணம் முன்னால் பறக்கும். காகிதக் குழாய் கிழிந்துபோகும். இரும்புக் குழாய் அழுத்தத்தைத் தாங்கும். அதனால்தான் மைசூர் வாணங்கள் வெகுதூரம் போயின.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் போர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. தளபதி பெய்லி சரணடைந்தார். 

1782-இல் தந்தை இறக்க, திப்பு அரசரானார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அக்காலத்து மருந்துக் கிடங்குகள் இன்றும் இருக்கின்றன. தடித்த சுவர்கள், பாதிக் கட்டடம் நிலத்துக்குள். ரயில் பாதைக்காக 2017-இல் ஒரு கிடங்கை இடிக்காமல் அப்படியே நகர்த்தி வைத்தார்கள்!

இத்தனை காவல் இருந்தும் என்ன ஆயிற்று? 1799 மே 2-இல் ஆங்கிலேயரின் குண்டு ஒன்று கோட்டைக்குள் வாணங்கள் குவித்திருந்த கிடங்கில் விழுந்தது. பெரும் வெடிப்பு! இரண்டே நாளில், மே 4-இல் கோட்டை வீழ்ந்தது. திப்பு ஓடவில்லை, போரிட்டே உயிர் விட்டார்.

பார்த்தீர்களா? புள்ளலூரில் பகைவனை அழித்த அதே மருந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சொந்தக் கோட்டையையே உலுக்கியது. மருந்துக்கு நம்மவன், மாற்றான் என்ற பேதம் கிடையாது. நம் சிலாங்கூரிலும் 1991 மே 7-இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே, தம்பி தங்கைகளே, தீபாவளிக்கு வீட்டில் மத்தாப்பு இருந்தால் அடுப்படியில் வைக்காதீங்க. நமுத்துப்போச்சே என்று நெருப்பருகில் காய வைக்காதீங்க. வெடிகளைப் பிரித்து மருந்தை ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. வெடிக்காததைக் கையால் எடுக்காமல், எட்ட நின்று தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். திப்புவிடம் வீரத்தைக் கற்போம்; அவர் கோட்டையிடம் எச்சரிக்கையைக் கற்போம்.