மணற்பலகையும் கறுப்புப் புத்தகமும்

சென்னையின் வடகரையில் இன்று துறைமுகமும் காசிமேட்டு மீன்பிடித் துறையும் உள்ளன. 1787ஆம் ஆண்டில் அங்குக் கப்பல் அணையத்தக்க துறை ஏதும் இல்லை. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து, தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகில் அலைகளைக் கடந்தே எவரும் கரையேற வேண்டியிருந்தது. அவ்வாறு அவ்வாண்டு வந்திறங்கியவர்களுள் ஒருவர் ஆண்ட்ரு பெல்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753ஆம் ஆண்டு முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பெல். பல்கலைக்கழகக் கல்வியை முடித்து, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் பாடம் கற்பித்துத் தாயகம் திரும்பினார். பின்னர்ச் சமயகுரு ஆனார். சென்னையில் படைப்பிரிவுகளின் குருவாகப் பணியேற்ற அவரிடம், 1789ஆம் ஆண்டு எழும்பூர்க் கோட்டையில் தொடங்கிய படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இன்று எழும்பூர்த் தொடர்வண்டி நிலையம் நிற்கும் பகுதி அது. இல்லப் பணிக்குரிய ஊதியத்தை அவர் மறுத்துவிட்டார். படைப்பிரிவுகளின் வழியாக அவருக்கு வருவாய் மிகுந்திருந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

இல்லத்துச் சிறுவர்கள் ஐரோப்பியப் படைவீரர்களின் மக்கள். பலருக்குத் தாய் இந்நாட்டுப் பெண். தந்தையை இழந்தவர்களும் தந்தையால் கைவிடப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். பிறப்பாலேயே பொய்யும் சூதும் படிந்தவர்கள் என ஊரார் அவர்களை இழித்துப் பேசினர். பிரம்பன்றி வேறெதுவும் அவர்களைத் திருத்தாது என்பதே அக்காலப் பொதுக்கருத்து.

ஒருநாள் குதிரையில் சென்ற பெல், திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். உடனே மணல் பரப்பிய பலகைகளைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்து, அவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு ஆசிரியர்களிடம் கூறினார். அஃது இயலாது என்று கடைநிலை வகுப்பின் ஆசிரியர் கைவிரித்தார். பெரியவர்கள் தயங்கிய வேலையைப் பெல் ஒரு சிறுவனிடம் ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகனான ஜான் பிரிஸ்கென் என்னும் அச்சிறுவனுக்கு அப்போது வயது எட்டு. சில நாள்களிலேயே அவ்வகுப்பு எழுத்தறிந்தது. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணிதான் இது. பெல் அதனைப் பள்ளி முழுமைக்கும் விரித்தார். ஏறத்தாழ 200 மாணவர்கள் படித்த அப்பள்ளியில், தேர்ந்தவனும் தேராதவனும் இணையாக அமர்ந்தனர். கற்றவன் கற்பித்தான், நன்கு படித்தவன் முன்னிடம் பெற்றான், தவறியவன் பின்னிடம் சென்றான். கை ஓயாத வகுப்பில் குறும்புக்கு நேரம் குறைந்தது.

எனினும் குற்றங்கள் அறவே ஒழிந்துவிடவில்லை. அதற்காகப் பெல் கறுப்புப் புத்தகம் ஒன்றை ஏற்படுத்தினார். சோம்பல், கவனமின்மை, தீய நடத்தை ஆகியவை அதில் பதிவாயின. வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடியிருக்க அது படிக்கப்பட்டது. குற்றத்தின் தன்மை விளக்கப்பட்டது. குற்றம் உண்டா, தண்டனை யாது என்பதைப் பன்னிருவர் போன்ற எண்ணிக்கையில் அமர்ந்த மாணவர் குழுவே முடிவுசெய்தது. பிறர் விளையாடும் வேளையில் அடைபட்டிருத்தல் தண்டனைகளுள் ஒன்று. பிரம்புக்குப் பெரும்பாலும் வேலையில்லாமல் போயிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மாணவனை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் கொடுந்தண்டனை இருந்தது. மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்ட பெல் கோதண்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இழித்துரைக்கப்பட்ட அச்சிறுவர்களுள் ஒருவன் வில்லியம் சுமித். பிணையாக இருந்த திப்பு சுல்தானின் மைந்தர்கள் 1794ஆம் ஆண்டு திருப்பி அனுப்பப்பட்டபோது, தூதுக்குழுவுடன் சென்று திப்புவின் முன்னிலையில் அறிவியல் சோதனைகளைச் செய்துகாட்டியவன் அவன்.

1796ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் பட்டறிவை நூலாக்கினார். அம்முறை 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றது. இலண்டனில் 1798ஆம் ஆண்டு பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அவரும் பிரம்பை வெறுத்தார். ஆனால் தவறு செய்தவனின் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார், கூண்டில் ஏற்றித் தொங்கவிட்டார். உடல் நோகாத அத்தண்டனைகளில் மனம் நொந்தது. முறையைக் கண்டவர் யார் என்னும் பூசல் இருவரின் ஆதரவாளர்களிடையே நெடுநாள் நீடித்தது. எழும்பூரில் ஏழைச் சிறுவர்களை ஆசிரியராக்கிய பெல், இங்கிலாந்தில் ஏழை மக்களுக்கு மிகுதியான கல்வி வேண்டியதில்லை என்று எழுதியது வியப்பும் வருத்தமும் தருவதாகும். குறைந்த செலவில் பலரைப் படிக்கவைக்கும் கருவியாகவே பலரும் அவர் முறையைக் கண்டனர். மனப்பாடமே அதில் மிகுந்தது என்ற குறையும் எழுந்தது.

1811ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை இங்கிலாந்தெங்கும் பரப்பியது. 1832ஆம் ஆண்டு செல்டனம் நகரில் அவர் மறைந்தார். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு பிறந்த ஊரில் 1833ஆம் ஆண்டு பள்ளியொன்று திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கடற்கரை நகரில் இன்றும் இயங்கும் அப்பள்ளியின் பெயர் மெட்ராஸ் கல்லூரி.