கடல் விட்டுச்சென்ற சுவடு

செட்டிநாட்டுக் கண்டனூரின் மண் சிவந்தது. அப்பகுதியெங்கும் செம்புராங்கல் பரவிக் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரையை ஒட்டி நீளும் இத்தகைய செந்நிலத்தில் பண்டைக் கடலின் எல்லையைத் தேடியவர் நிலவியலறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்த ஃபூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவலின் மகளை மணந்தார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி, தென்னிந்திய மனித வரலாற்றைப் பழைய கற்காலத்திற்குக் கொண்டுசென்றது. அவ்வாண்டே வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார்.

கருவிகள் செம்புராங்கல் படுகைகளோடு சேர்ந்து கிடைத்தமையால், அப்படுகைகள் எவ்வாறு உருவாயின என்ற வினா எழுந்தது. அவை ஆழமற்ற கடலில் படிந்தவை என்றும், அக்காலத்தில் கடல் இன்றைய கரையைக் கடந்து உள்நாட்டில் பரவியிருந்தது என்றும் ஃபூட் கருதினார். ஆனால் சிப்பி, சங்கு முதலிய கடலுயிர்களின் எச்சங்கள் அவற்றில் அகப்படவில்லை. எனவே, பின்வந்த அறிஞர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் அமைப்பைப் பற்றிய அவரது நூல் 1883இல் வெளிவந்தது. இன்றைய சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அன்று மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தன. இராமேசுவரம் தீவின் வடகரையில், நீருக்கு மேலே உயர்ந்து நின்ற இறந்த பவளப்பாறையை அவர் விவரித்தார். இங்குச் சான்று ஐயத்திற்கிடமின்றி அமைந்தது. பவள உயிரிகள் நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர்வாழா. தாழ் ஓத மட்டத்திற்கு மேல் அவை வளர்வதில்லை. ஆகவே, வளர்ந்த நிலையிலேயே நிற்கும் பழைய பாறையின் உச்சிக்கும், இன்று உயிருள்ள பவளம் வளரும் எல்லைக்கும் இடையேயுள்ள உயரமே, அன்றைய கடல் எவ்வளவு மேலே நின்றது என்பதைக் காட்டும் அளவுகோலாகும்.

எனினும், கடல் தாழ்ந்ததா, நிலம் உயர்ந்ததா என்பதை ஓரிடத்துச் சான்றால் மட்டும் துணிய இயலாது. தொலைதூரக் கரைகள் பலவற்றில் ஒரே காலத்துப் படிமேடைகள் ஒத்த உயரத்தில் நின்றால் கடல் தாழ்ந்தது எனலாம். உயரம் இடத்திற்கிடம் வேறுபட்டால் நில அசைவைக் கருத வேண்டும். இவ்வொப்பீட்டிற்குப் படிமேடைகளின் வயது தெரிய வேண்டும். அதைக் கணிக்கும் வழி ஃபூட்டின் காலத்தில் இல்லை.

1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்காக அவர் பணியாற்றினார்; ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார்.

அறுபது ஆண்டுகளுக்குப்பின், 1972இல் வெளியான ஆய்வில் இராமேசுவரம் பகுதிப் பவளத்தின் வயது கதிரியக்கக் கார்பன் முறையால் ஏறத்தாழ 4000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. கடல்மட்டம் மீண்டும் உயர்ந்துவரும் இக்காலத்தில், அது முன்பு எங்கு நின்றது என அறிவது கரையோர மக்களின் வாழ்வோடு தொடர்புடையது. செம்புராங்கல்லைப் பற்றிய ஃபூட்டின் கருத்து நிலைக்கவில்லை. பவளப்பாறையைப் பற்றிய அவரது பதிவு இன்றும் பயன்படுகிறது.