யூஜின் சாண்டோ

யூஜின் சாண்டோ (ஏப்ரல் 2, 1867 - அக்டோபர் 14, 1925) பிரஷ்யாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பலசாலியும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஆவார். நவீன உடற்கட்டுக் கலையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். மேடையில் பளு தூக்கிப் புகழ் பெற்ற இவர், பிற்காலத்தில் அலுவலகப் பணியாளர், வணிகர், பெண்கள் முதலிய சாதாரண மக்களும் நாள்தோறும் செய்யத்தக்க உடற்பயிற்சி முறையொன்றை வகுத்துப் பரப்பினார். அளவு எடுத்தல், அட்டவணை வைத்தல், படிப்படியாகக் கூட்டுதல் என இன்றைய உடற்பயிற்சிக்கூடங்களில் காணப்படும் பல வழக்கங்கள் இவரது முறையிலும் இருந்தன.

இளமைக்காலம்

இவரது இயற்பெயர் பிரீட்ரிக் வில்லெம் முல்லர். அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இந்நகரம் இன்று உருசியாவில் கலினின்கிராட் என வழங்குகிறது. சிறுவயதில் மெலிந்த உடலினராக இருந்ததாகவும், தந்தையுடன் இத்தாலி சென்றபோது கண்ட பண்டைய சிலைகளே தம்மை உடற்பயிற்சியின்பால் ஈர்த்ததாகவும் பின்னாளில் எழுதினார்.

கட்டாய இராணுவ சேவையைத் தவிர்க்கும் பொருட்டு 1885 இல் நாட்டை விட்டு வெளியேறி, ஐரோப்பிய நகரங்களில் வட்டரங்குக் கலைஞராக அலைந்தார். பிரசெல்சு நகரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய லூயி டுர்லாக்கர் (மேடைப்பெயர்: பேராசிரியர் அட்டிலா) இவருக்கு ஆசிரியராக அமைந்தார். பளு தூக்கும் முறையையும் மேடை நுணுக்கங்களையும் இவரிடமே சாண்டோ கற்றார்.

மேடை வாழ்க்கை

1889 இல் இலண்டனில் சாம்சன் என்ற பலசாலியைப் போட்டியில் வென்று ஒரே இரவில் புகழடைந்தார். 1893 இல் அமெரிக்கா சென்றார். சிகாகோ உலகக் கண்காட்சியின்போது இவரது நிகழ்ச்சியை நடத்தியவர் புளோரன்ஸ் சீக்பெல்டு. சாண்டோ தூக்கும் எடையை விட அவரது உடலமைப்பைக் காணவே மக்கள் வருவதை சீக்பெல்டு கண்டுகொண்டார். எனவே பளு தூக்குதலுடன், தசைகளை அசைத்துக் காட்டும் நிலைகளும் நிகழ்ச்சியில் முதன்மை பெற்றன. 1894 இல் எடிசனின் படப்பிடிப்பகத்தில் இவரைக் குறும்படமாகப் பதிவு செய்தனர். அதே ஆண்டில் பிளாஞ்ச் புரூக்சு என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

உடற்பயிற்சிக்கூடம்

1897 இல் இலண்டன் செயின்ட் ஜேம்சு தெருவில் உடற்பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். அதுவரை உடற்பயிற்சி என்பது படைவீரர்க்கும் மல்லர்க்கும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. சாண்டோவின் நிலையத்திற்கு நாற்காலியில் அமர்ந்து வேலை செய்து உடல் பருத்தோரும், நலிந்தோரும் வந்தனர். சேர்பவரின் உடல் அளவுகள் முதலில் குறித்துக்கொள்ளப்பட்டன. அதற்கேற்பத் தனித்தனியே பயிற்சி வகுக்கப்பட்டது. நேரில் வர இயலாதோர் தம் அளவுகளை எழுதியனுப்பி அஞ்சல் வழியாகவும் பயிற்சி பெற்றனர். செர்லாக் ஓம்சு கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் இவரது மாணவருள் ஒருவர்.

1898 இல் உடற்பயிற்சிக்கென இதழொன்றைத் தொடங்கினார். பின்னர் உடற்பருமன், செரிமானக் கோளாறு போன்றவற்றைப் பயிற்சியால் தீர்க்க முயலும் நிலையமாகவும் தம் பணியை விரிவாக்கினார்.

பயிற்சி முறை

1897 இல் வெளிவந்த இவரது நூல் வலிமையை அடையும் வழியை விளக்குகிறது. அதில் கூறப்படும் முறையின் முக்கிய கூறுகள்:

- எடை குறைந்த டம்பெல் இணையே போதும். பெரியவர்க்கு ஏறத்தாழ 2 கிலோ அளவு.
- ஒவ்வோர் அசைவையும் எத்தனை முறை செய்வது என்பது வயதுக்கேற்ப அட்டவணையில் தரப்பட்டிருக்கும். சில நாட்களுக்கொருமுறை எண்ணிக்கையைச் சிறிது கூட்ட வேண்டும்.
- கண்ணாடி முன் நின்று, இயங்கும் தசையில் மனத்தை நிறுத்திச் செய்ய வேண்டும்.
- உடல் அளவுகளைக் குறித்து வைத்து, முன்னேற்றத்தை ஒப்பிட வேண்டும்.
- பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும்.

கவனம் சிதறுவதே பயிற்சியின் பகை என இவர் கருதினார். இதற்கென விற்பனைக்கு விட்ட டம்பெல் இரு பாதிகளாகப் பிளவுற்று, நடுவே விற்சுருள்கள் கொண்டது. பிடியை இறுக்கிக்கொண்டே இருந்தால்தான் இரு பாதிகளும் சேர்ந்திருக்கும். மனம் தளர்ந்தால் பிடியும் தளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும் போட்டி

1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் தம் முறையைப் பின்பற்றியோரிடையே உடற்கட்டுப் போட்டி நடத்தினார். சிற்பி சார்லசு லாசும் கோனன் டாயிலும் நடுவர்களாக அமர்ந்தனர். பெருத்த தசைக்கே பரிசு என்றில்லாமல், உடலின் சீரான வளர்ச்சியும் நலமும் கருத்திற் கொள்ளப்பட்டன. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே வென்று, சாண்டோவின் உருவில் அமைந்த தங்கச் சிலையைப் பெற்றார்.

இதன்பின் ஆசுதிரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1904-1905 இல் இந்தியாவிற்கும் வந்தார். 1911 இல் ஐந்தாம் சார்ச் மன்னர் இவரைத் தம் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார்.

விமர்சனங்கள்

தம் உடலமைப்பு சிறு டம்பெல்களால் யாருக்கும் கிட்டும் என்பது போல் சாண்டோ விளம்பரம் செய்தார். ஆனால் அவர் அட்டிலாவிடம் பயின்றது கனத்த பளுக்களைக் கொண்டே என்பதைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். நோய் தீர்ப்பது பற்றிய அவரது கூற்றுகள் பலவும் மிகையானவை. எடை குறைப்பதற்கு உடற்பயிற்சியுடன் உணவுக் கட்டுப்பாடும் தேவை என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. எனினும் சிறிதாகத் தொடங்குதல், நாள் தவறாமை, அளவைக் குறித்தல் ஆகியவற்றில் அவர் காட்டிய வழி இன்றும் கைக்கொள்ளப்படுகிறது.

தொடங்கியோர் அனைவரும் தொடரவில்லை என்பதற்கு இலக்கியச் சான்று ஒன்றுண்டு. ஜேம்ஸ் ஜாய்சின் யுலிசீஸ் (1922) புதினத்தின் நாயகன் புளூம், சாண்டோவின் பயிற்சிகளை ஒரு காலத்தில் செய்து கைவிட்டவன். அவனுடைய இழுப்பறையில் இரு மாதப் பயிற்சியின் அளவுக் குறிப்பு கிடக்கிறது. மீண்டும் தொடங்க வேண்டும் என எண்ணிக்கொள்கிறான்.

இறுதிக்காலம்

முதல் உலகப் போர்க் காலத்தில் செருமானிய வம்சாவளியினர் மீது வெறுப்பு நிலவியது. இவரது கொக்கோ நிறுவனம் 1916 இல் மூடப்பட்டது. சாண்டோ 1925 அக்டோபர் 14 அன்று தமது 58 ஆவது வயதில் இலண்டனில் காலமானார். பள்ளத்தில் விழுந்த மகிழுந்தைத் தனியே தூக்கியதால் இறந்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது; பெருந்தமனி வீக்கமே காரணம் எனக் கருதப்படுகிறது. மனைவியின் விருப்பப்படி, பட்னி வேல் இடுகாட்டில் பெயர்ப்பலகை ஏதுமின்றி அடக்கம் செய்யப்பட்டார். ஊரார் உடலையெல்லாம் அளந்து குறித்தவரின் கல்லறை, 2002 இல் நினைவுக்கல் வைக்கப்படும்வரை பெயரின்றியே கிடந்தது.

தாக்கம்

மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியில் வெல்வோருக்கு 1977 முதல் சாண்டோவின் சிலை வழங்கப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் பலசாலிகளுக்குச் சாண்டோ என்ற அடைமொழி வழங்கியது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் அது நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.