சுகர் இருக்கிறவங்க காலைக் காப்பாற்ற வழி சொன்ன கொல்லிமலைக்காரர்... யார் இந்த டாக்டர் பால் பிராண்ட்?

உச்சி வெயிலில் திருமயம் கோட்டைப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைத்தால் சுரீர்னு சுடும். உடனே நிழல் பார்த்து ஓடுவோம். ஆனா பல வருஷம் சுகர் இருந்து பாதம் மரத்துப்போனவருக்கு அந்தச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கொப்புளம் தெரியும்.

வலி தெரியாத காலுக்கு என்ன ஆகிறது என்று உலகத்துக்கே புரியவைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 9 வயதில் படிக்க இங்கிலாந்து போனார். முதலில் கற்றது கட்டட வேலை, டாக்டர் படிப்பு அப்புறம்தான். 1946-ல் வேலூர் சிஎம்சி-க்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி அசைய வைத்தார். கை சரியாகியும் புதுசு புதுசா காயம் வந்துகொண்டே இருந்தது. ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்தது கூட சிலருக்குத் தெரியவில்லை. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்!

அப்போதுதான் விஷயம் புரிந்தது. சதை தானாக அழுகி விழவில்லை. நரம்பு செத்து வலி போனதால், புண்ணான காலையே ஊன்றி ஊன்றி நடக்கிறார்கள்.

ஒருமுறை நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு, அவர் குதிகாலில் ஊசி குத்தியும் வலிக்கவில்லை. தனக்கே தொழுநோய் வந்துவிட்டதாக ராத்திரி முழுக்கத் தவித்தார். காலையில் மறுபடி குத்தினார், வலித்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரொம்ப நேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகள் காலிலும் அதே மாதிரி புண்களைப் பார்த்தார். அதிக சர்க்கரை நரம்பைக் கெடுக்கும், ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். பாதத்தோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டு போட்டால் உடல் எடை ஒரே இடத்தில் அழுத்தாது. இந்தியாவில் கையாண்ட அந்த வழி அங்கேயும் பலன் தந்தது. 2003-ல் காலமானார்.

இப்போ சுகர் டாக்டர் பாதத்தில் நைலான் இழையை அழுத்தி, தெரியுதான்னு கேட்பது இந்த உணர்ச்சியைச் சோதிக்கத்தான். தெரியலைன்னா அந்த வேலையைக் கண்ணுதான் செய்யணும். தினமும் உள்ளங்கால், விரல் இடுக்கைப் பார்க்கணும், எட்டலைன்னா கண்ணாடி வைத்து. செருப்பை உதறிப் போடணும். வெந்நீரில் காலை விடக்கூடாது. ஆணிக்காலை வீட்டில் பிளேடால் சீவவே கூடாது. சின்ன புண்ணோ, நிறமாற்றமோ தெரிந்தால், வலிக்கலையேன்னு விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும்.