பொறியியல் மேதை விசுவேசுவரய்யா

கர்நாடக மாநிலத்தில் சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில், 1861-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. தந்தையார் சீனிவாச சாஸ்திரி, தாயார் வெங்கடலட்சுமம்மாள். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்ற நாட்களில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே தம் செலவைச் சமாளித்தார். 1881-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்ததால் பூனா அறிவியல் கல்லூரியில் பொறியியல் கற்க முடிந்தது. 1883-இல் முதல் மாணவராகத் தேறி, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், முடிவில் ஓய்வூதியம். அந்நாளில் ஓர் இந்திய இளைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வேலையையும் அவர் வெறும் கடமையாகச் செய்யவில்லை. சிந்து நதிக்கரையிலுள்ள சக்கர் நகரத்தார் கலங்கல் நீரைக் குடித்து அவதியுற்றபோது, ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டி, மணலே வடிகட்டித் தரும் தெளிந்த நீரை ஊருக்கு ஏற்றிக் கொடுத்தார். பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாசலா அணையில் 1903-இல் அவர் பொருத்திய தானியங்கி மதகுகள் இன்னும் வியப்புக்குரியவை. நீர் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் அம்மதகுகள் தாமே திறந்து வெள்ளத்தை வெளியேற்றும். நீர் தாழ்ந்தால் தாமே மூடிக்கொள்ளும். அணையின் சுவரை உயர்த்தாமலே கூடுதல் நீரைத் தேக்க இது வழி செய்தது. ஏடன் நகரத்தின் குடிநீர், கழிவுநீர் ஏற்பாடுகளுக்கும் அவரையே அனுப்பினார்கள்.

இவ்வளவு புகழிருந்தும், பம்பாய் மாகாணத்தில் தலைமைப் பொறியாளர் நாற்காலியில் ஓர் இந்தியர் அமர்வது நடவாத காரியம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே முழு ஓய்வூதியத்துக்குரிய காலம் நிரம்புவதற்கு முன்பே, தாமாக வேலையை விட்டு விலக விரும்பினார். நாற்பத்தேழு வயதை நெருங்கும் நேரத்தில், மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளத்தை விட்டுவிட்டு, யார் அழைப்பார்களோ என்று காத்திருக்கும் ஆலோசனைத் தொழிலுக்கு வருவது என்றால் சாதாரணத் துணிவா? அவருடைய சேவையைக் கருதி அரசாங்கம் ஓய்வூதியத்தைத் தனிச் சலுகையாக அனுமதித்தது உண்மை. ஆனால் விலகுவது என்ற எண்ணம் அதற்கு முன்பே அவர் மனத்தில் உறுதியாகிவிட்டது.

வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோதே அழைப்பு வந்தது. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத் நகரை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரைக் காக்க வழி சொல்லும்படி நிஜாம் அரசு அவரை வேண்டியது. 1909-இல் ஐதராபாத் சென்று தனி ஆலோசனைப் பொறியாளராகப் பணியேற்றார். மழைக் கணக்குகளையும் ஆற்றின் போக்கையும் ஆராய்ந்து, நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டுமென்று அறிக்கை தந்தார். அவைதாம் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர். முதலாவது 1920-இலும் அடுத்தது 1927-இலும் முடிந்தன. கட்டி முடிப்பதைப் பார்க்க அவர் அங்கே இருக்கவில்லை. ஆலோசனை சொல்பவர் திட்டத்தைத் தந்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். கல்லும் சுண்ணாம்பும் மற்றவர் கையில். இந்த வித்தியாசம் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். ஏனெனில் அதே 1909 நவம்பரில், விட்டு வந்த அரசுப் பணிக்கே மீண்டும் போனார். இம்முறை மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக. திவான் ஆனந்த ராவின் அழைப்பை அவர் உடனே ஏற்கவில்லை. தொழிற்கல்விக்கும் தொழில் வளர்ச்சிக்கும் பாடுபடத் தமக்கு வாய்ப்புத் தரப்படுமா என்று கேட்டறிந்த பின்னரே ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் அவர் கதை நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குள் நுழைகிறது. 1911-இல் அவர் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை நம் காவிரியின் குறுக்கே எழுந்தது. சுமார் 49 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அணை அது. சிமெண்டுக்குப் பதில் சுர்க்கிக் கலவையால் கட்டப்பட்டது. மாண்டியா வயல்கள் செழித்தன. சிவசமுத்திரத்து மின்சாரம் வற்றாமல் கிடைத்தது. ஆனால் ஆற்றின் கீழே இருப்பவர்கள் நாம் அல்லவா! மேலே தேக்கினால் தஞ்சை என்னாவது என்று சென்னை மாகாண அரசு எதிர்த்தது. வழக்கும் விசாரணையும் நீண்டு, 1924-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகே மேட்டூரில் 1925-இல் வேலை தொடங்கி, 1934-இல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. எடப்பாடி, குமாரபாளையம் பக்கத்து வாய்க்கால் பாசனம் அதனால் வந்தது. ஜேடர்பாளையம் ராஜவாய்க்காலை நம்பி வெற்றிலையும் வாழையும் பயிரிடும் பரமத்தி வேலூர்க்காரர்கள், கர்நாடகத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இன்றும் செய்தித்தாளைப் பார்க்கிறார்கள். ஒரு பொறியாளர் தம் நாட்டுக்காக எண்ணியது பக்கத்து நாட்டின் கவலையும் ஆயிற்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்த பின்னும் பேச்சு ஓயவில்லை.

1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாக இருந்தார். மைசூர் வங்கி, மைசூர்ப் பல்கலைக்கழகம், பெங்களூர் பொறியியற் கல்லூரி ஆகியவை அக்காலத்தில் தோன்றின. பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு அரசுப் பணியில் இடமளிப்பது பற்றி மகாராஜாவுடன் கருத்து வேற்றுமை ஏற்பட்டதால் பதவியைத் துறந்தார். திறமையே அளவுகோலாக வேண்டும் என்பது அவர் நிலை. வாய்ப்பே கிடைக்காதவர் திறமையை எங்கே காட்டுவார் என்பதை அவர் போதுமான அளவு நினைத்துப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் மீண்டும் ஆலோசனைத் தொழிலே. இம்முறை யாரும் இடையில் இழுத்துப் போகவில்லை எனலாம். பத்ராவதி இரும்பாலையின் தலைமைப் பொறுப்பை மட்டும் 1923 முதல் சில ஆண்டுகள் ஏற்றுக் கரைசேர்த்தார். நகரங்களும் மாகாணங்களும் குடிநீருக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும் அவரை நாடின. ஒரிசா வெள்ளத்தைப் பற்றி அறிக்கை தந்தார். டாடா இரும்பு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் நெடுங்காலம் அமர்ந்திருந்தார். திட்டமிட்ட பொருளாதாரம் இந்தியாவுக்கு வேண்டுமென்று 1934-இலேயே நூல் எழுதினார். 1955-இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்பும், பீகாரில் மொகாமா அருகே கங்கையின் மேல் பாலம் எங்கே அமைப்பது என்று நேரில் சென்று பார்த்து இடம் சொன்னார். அப்பாலம் 1959-இல் திறக்கப்பட்டது. 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். அவருடைய சமாதி முத்தேனஹள்ளியில் இருக்கிறது.