ஹெர்பெர்ட் சாப்மன்

ஒரு குழுவின் வெற்றி ஆடுவோரால் வந்ததோ, ஆட்டுவிப்போரால் வந்ததோ என ஆராய்ந்து துணிதல் எளிதன்று. இதனை விளக்க வல்லது ஹெர்பெர்ட் சாப்மன் என்னும் ஆங்கிலேயரின் வரலாறு.

இவர் 1878-ம் ஆண்டில் யார்க்ஷயரைச் சார்ந்த கிவெட்டன் பார்க் என்னும் சிற்றூரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாய்த் தோன்றினார். ஹட்டர்ஸ்பீல்டு கால்பந்துக் குழுவை 1924, 1925 ஆகிய ஈராண்டிலும் லீக் பந்தயத்தில் முதலிடம் பெறச் செய்தார். பின்னர் லண்டனிலுள்ள ஆர்சனல் குழுவின் தலைமையை ஏற்றார். முந்திய பருவத்தில் 46 கோல்களே போட்டு இருபதாம் இடத்தில் நின்ற அக்குழு, அவர் வந்த முதற் பருவத்திலேயே 87 கோல்கள் போட்டு இரண்டாம் இடம் எய்திற்று.

இம்மாறுதல் முற்றும் அவர் செயலோ? அன்று. 1925-ல் ஆப்சைடு விதி தளர்ந்தது. முன்னேறி நிற்பவனுக்கு முன் எதிரிகள் மூவர் இருத்தல் வேண்டும் என்ற நிலை மாறி, இருவர் போதும் என்றாயிற்று. எங்கும் கோல்கள் பெருகின. அவர் நீங்கிச் சென்ற ஹட்டர்ஸ்பீல்டும் 69-லிருந்து 92-க்கு உயர்ந்தது.

எனினும் ஆர்சனலின் உயர்வே பெரிது. அப்பருவத் தொடக்கத்தில் நியூகாசிலிடம் ஏழு கோல்களால் தோற்றபின், ஆட்டக்காரர் சார்லஸ் புக்கனின் யோசனையை மதித்து, நடு ஆட்டக்காரரைப் பின்னிறுத்திக் காவலை வலுப்படுத்தினார் சாப்மன். 1930–31-ல் ஆஸ்டன் வில்லா 128 கோல்களும் ஆர்சனல் 127 கோல்களும் போட்டன. ஆயினும் வில்லா எதிரிகளுக்கு 78 கோல்கள் கொடுத்தது. ஆர்சனல் கொடுத்தவை 59. முதலிடம் ஆர்சனலுக்கே கிட்டியது.

1934 ஜனவரியில் நிமோனியாவால் சாப்மன் காலமானார். அவர் உருவாக்கிய குழுவோ அவ்வாண்டும் மறு ஆண்டும் வாகை சூடியது. ஆகவே, ஆசானின் திறனைக் கோல்தொகை ஒன்றால் அளவிடற்க. அவர் நீங்கியபின் நிலைத்து நிற்பதையும் நோக்குக.